மார்கரெட் பூத்: நெகட்டிவ் ஒட்டுற வேலையில இருந்து எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர் வரைக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டிங் பத்திப் பேச்சு வந்தா வால்டர் மர்ச், தெல்மா ஷூன்மேக்கர்னு ரெண்டு பேரு டக்குனு வந்துடும், அவங்களுக்கு முன்னாடி யாருங்கன்னு கேட்டா அங்கேயே நின்னுடும். மார்கரெட் பூத்னு சொன்னா "அது யாரு"ன்னு திருப்பிக் கேக்குறவங்கதான் ஜாஸ்தி. அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல சேர்த்துப் போட்டிருக்கேன். வரிசையாத்தான் படிக்கணும்னு இல்ல, ஆனா நடுவுல சூப்பர்வைசிங் எடிட்டர் பத்தி வர்றதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க, மொத்த விஷயமும் அதுலதான் இருக்கு.

கேள்வி: யாரு இவங்க? சுருக்கமா சொல்லுங்க.

1898 ஜனவரி 16ல லாஸ் ஏஞ்சலிஸ்ல பொறந்த அமெரிக்க எடிட்டர். 1915ல சினிமா வேலைக்கு வந்தாங்க, கடைசியா ஒரு படத்துல பேர் வந்தது 1985ல, கணக்குப் போட்டுக்கோங்க. எம்ஜிஎம் ஸ்டுடியோவுல மட்டும் 44 வருஷம். ஊமைப்படம், பேசும் படம், கலர், சினிமாஸ்கோப், டிவி வந்து ஸ்டுடியோக்கள் ஆட்டம் கண்டது எல்லாத்தையும் எடிட் ரூம்ல உக்காந்தே பாத்தவங்க. 2002 அக்டோபர் 28ல, 104 வயசுல இறந்தாங்க.

கேள்வி: சினிமாவுக்குள்ள எப்படி வந்தாங்க? ஆசைப்பட்டு வந்தாங்களா?

இல்லங்க, வீட்டுல சம்பாதிச்சவர் போயிட்டாரு, அதனால வந்தாங்க. அண்ணன் எல்மர் பூத், ஊமைப்பட டைரக்டர் டி. டபிள்யூ. கிரிஃபித்தோட படங்கள்ல நடிச்சவர், 1912லேயே ஒரு கேங்ஸ்டர் கதையில ரவுடியா நடிச்சு நல்ல பேர் வாங்கினவர். 1915 ஜூன் 16 ராத்திரி கார் ஆக்சிடென்ட்ல செத்துட்டார். தண்டவாள இரும்பு ஏத்திட்டுப் போன ரயில் வண்டி மேல கார் போய் மோதிச்சு. ஓட்டுனது டாட் பிரௌனிங். ஆமாங்க, பின்னாடி 1931ல டிராகுலா எடுத்தாரே அதே பிரௌனிங். அண்ணன் வருமானத்துல நின்ன குடும்பம், அதனால கிரிஃபித் தங்கச்சியைக் கூப்பிட்டு தன் கம்பெனியில வேலை போட்டுக் குடுத்தார். அப்ப அவங்களுக்கு வயசு 17.

இதுல ஒரு கொடுமை என்னன்னா 1920கள்ல அந்த பிரௌனிங்கும் எம்ஜிஎம்முக்கே வந்து சேந்தார். ஒரே கேட்டுக்குள்ள ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டு வந்திருக்காங்க.

கேள்வி: முதல் வேலை என்ன? எடிட்டிங்கா?

எடிட்டிங் எல்லாம் இல்ல, ஒட்டுற வேலை. வெட்டி வெச்ச ஃபிலிம் துண்டுகளை ஃபிலிம் சிமெண்ட்ங்கிற பசை தடவி சேர்த்து ஒட்டணும், அவ்வளவுதான். ஃபேக்டரி வேலை மாதிரி நிறைய பொண்ணுங்க வரிசையா உக்காந்து செய்வாங்க.

கேக்க ஈசியா இருக்கும் ஆனா நெகட்டிவை, அதாவது கேமராவுல ஓடின மூல ஃபிலிமை, பாசிட்டிவ் பிரிண்ட்ல வெட்டின மாதிரியே ஒட்டணும்னு வரும்போதுதான் கண்ணு பிதுங்கும். இப்ப ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் டைம்கோட்னு ஒரு நேர நம்பர் இருக்கு, ஃபிலிம் காலத்துலயும் ஓரத்துல நம்பர் இருந்துச்சு, பாசிட்டிவ்ல இருக்குற நம்பரை நெகட்டிவ்ல தேடி எடுத்தா முடிஞ்சுது. இவங்க சேந்த காலத்துல அந்த ஓர நம்பரே கிடையாது. பாசிட்டிவ் துண்டை ஒரு கையில வெச்சுக்கிட்டு, நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு, கை எந்த இடத்துல இருக்கு, தலை எவ்வளவு சாஞ்சிருக்குன்னு கண்ணாலயே பொருத்திப் பாக்கணும். நெகட்டிவ்ல வெள்ளை கருப்பா இருக்கும், கருப்பு வெள்ளையா இருக்கும், அதையும் மனசுல மாத்திப் பாத்துக்கணும். கிரிஃபித் பட நடிகை லில்லியன் கிஷ்ஷோட குளோசப் எல்லாம் முடிவே இல்லாம நீளமா போகுமாம், எல்லா ஃப்ரேமும் ஒரே மாதிரி, முகத்துல ஒரு அசைவும் இருக்காது. நெகட்டிவ்ல எங்கயாவது ஒரு சின்னப் புள்ளி, ஒரு குண்டூசி முனை அளவு குறை தெரிஞ்சா அப்பதான் 'சரி, இதுதான் அந்த இடம்'னு உறுதி ஆகுமாம். பின்னாடி பேட்டி குடுக்கும்போது இதை அவங்களே சொல்லியிருக்காங்க.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, பின்னாடி இவங்களோட ஞாபக சக்தியைப் பாத்து பெரிய பெரிய டைரக்டருங்க மிரண்டு போனாங்க, அந்த ஞாபகம் வரம் வாங்கிட்டு வந்தது இல்ல, இங்க பழகுனது.

கேள்வி: ஒட்டுற பொண்ணு எப்படி எடிட்டர் ஆனாங்க?

நடுவுல பாரமவுண்ட் லேப்ல கொஞ்ச நாள். அந்தக் காலத்து பிரிண்ட்ல ராத்திரி சீன்னா நீலம், தீ எரியுற சீன்னா சிவப்புன்னு துண்டு துண்டா சாயம் ஏத்துவாங்க, அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்துற வேலை. அங்க இருந்து லூயி பி. மேயரோட சின்ன ஸ்டுடியோவுக்குப் போறாங்க. அங்க ஜான் எம். ஸ்டால்னு ஒரு டைரக்டர். ஒரே சீனை விதவிதமா திரும்பத் திரும்ப எடுப்பார், எடிட்டிங்கையும் தானே பக்கத்துல நின்னு பாப்பார். பூத் அவர் கிட்ட அசிஸ்டன்ட்.

இவங்க பண்ணது என்னன்னா, வேலை நேரம் முடிஞ்சு எல்லாரும் போன பிறகு, ஸ்டால் வேணாம்னு ஒதுக்கிப் போட்ட டேக்குகளை எடுத்து அதே சீனை தன் இஷ்டத்துக்கு வெட்டிப் பாப்பாங்க. யாரும் கேக்கல, காசும் கிடையாது. ஒரு நாள் ஸ்டாலுக்கு ஒரு சீன் எப்படி வெட்டினாலும் உக்காரல. அப்ப இவங்க வேஸ்ட் டேக்ல வெட்டி வெச்சிருந்த வெர்ஷனைப் பாக்குறார், பாத்துட்டு அதையே அப்படியே படத்துல வெச்சுக்கிட்டார். அதுக்கு அப்புறம் அவர் படங்களை வெட்டுறது இவங்கதான்.

1924ல மேயரோட கம்பெனி மெட்ரோ, கோல்ட்வின் ரெண்டோட சேந்து எம்ஜிஎம் ஆச்சு, இவங்களும் உள்ள வந்தாச்சு. சில வருஷத்துல ஸ்டால் வேற கம்பெனிக்குக் கிளம்பிட்டார், இவங்க கிளம்பல. என்னைக் கேட்டா இவங்க எடுத்ததுலயே பெரிய முடிவு இதுதான். டைரக்டர் பின்னாடி போயிருந்தா ஒரு நல்ல எடிட்டரா இருந்திருப்பாங்க, அவ்வளவுதான். ஸ்டுடியோவோட நின்னதாலதான் மிச்சம் எல்லாமே நடந்துச்சு.

கேள்வி: ஸ்டால் கிட்ட என்னதான் கத்துக்கிட்டாங்க?

ஒரு சீன் எப்ப தொங்குது, எப்ப நிக்குது, அதைக் கண்டுபிடிக்கிறது. குளோசப்பை எப்ப உள்ள விடணும், அதைவிட முக்கியமா எப்ப விடக் கூடாதுங்கிறது. குளோசப் இருக்கேன்னு போட்டுட்டா அப்புறம் நிஜமா வேணும்கிற இடத்துல அதுக்கு மதிப்பு இருக்காது. இப்ப வெப் சீரிஸ் எடுக்குறவங்க பல பேரு இந்தப் பாடத்தைக் கத்துக்கலாம், சரி அது வேற கதை.

கேள்வி: சவுண்டே இல்லாத படத்துல ரிதம் எப்படிப் பிடிச்சாங்க?

எண்ணுவாங்களாம். சிப்பாய்ங்க மார்ச் பண்ணிட்டுப் போற சீன்னு வெச்சுக்கோங்க, ஆங்கிள் மாத்தணும்னா மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணுன்னு தாளம் போட்டு எண்ணிக்கிட்டு, அந்தத் தாளத்துல வெட்டு விழற மாதிரி பாத்துக்குவாங்க. ஃபிலிமை ஓட்டிப் பாத்துக்கிட்டே வெட்ட உதவுற மூவியோலா மெஷினே 1924லதான் ஸ்டுடியோக்களுக்கு வர ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி ஃபிலிமை கையால இழுத்து வெளிச்சத்துல பாத்துத்தான் வேகத்தை ஊகிக்கணும். நம்ம பாட்டு எடிட் பண்றவங்க பீட்டுக்கு மார்க்கர் போட்டுட்டு வெட்டுறாங்கல்ல, இவங்க பாட்டே இல்லாம அதைப் பண்ணாங்க.

கேள்வி: பேசும் படம் வந்ததும் கஷ்டப்பட்டாங்களா?

எல்லாரும் பட்டாங்க. ஆரம்பத்துல சத்தம் தனி, படம் தனி, ரெண்டையும் ஒத்துப்போக வெக்கணும், ஒரு ஃப்ரேம் தள்ளினாலும் வாய் ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம்னு போயிடும். ஆனா இவங்க வண்டி நிக்கல, 1930கள்லதான் இவங்க பேரு வந்த பெரிய படங்கள் வரிசையா இருக்கு.

கேள்வி: எடிட்டரா பேர் வாங்கின படங்கள் என்னென்ன?

கிரெட்டா கார்போ படங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம், 'தி மிஸ்டீரியஸ் லேடி' (1928), 'சூசன் லெனாக்ஸ்' (1931), 'கமீல்' (1936). ஜீன் ஹார்லோ நடிச்ச 'பாம்ப்ஷெல்' (1933) வேகத்துக்குப் பாக்கணும், ஒருத்தர் பேசி முடிக்கிறதுக்குள்ள அடுத்தவர் பேசுவார், அந்த வேகத்துல பாதி வெட்டுல இருக்கு. 1935ல 'மியூட்டினி ஆன் தி பவுண்டி', கிளார்க் கேபிள், சார்ல்ஸ் லாட்டன் நடிச்ச கப்பல் கலகக் கதை.

இதுல எனக்குப் பிடிச்ச கதை 1936ல வந்த 'ரோமியோ அண்ட் ஜூலியட்' பத்தினது. டைரக்டர் ஜார்ஜ் க்யூக்கர், தயாரிச்சது எம்ஜிஎம்மோட மூளைன்னு எல்லாரும் சொல்ற இர்விங் தால்பெர்க், ஜூலியட் வேஷம் அவர் மனைவி நார்மா ஷியரர். அந்த பால்கனி சீன் இருக்கே, அதுக்கு மட்டும் பூத் 5 வெர்ஷன் வெட்டி வெச்சிருந்தாங்க. கண்ணீரோட ஒண்ணு, கண்ணீர் இல்லாம ஒண்ணு, முழுக்க குளோசப்லயே ஒண்ணு, முழுக்க லாங் ஷாட்லயே ஒண்ணு, ரெண்டையும் கலந்து ஒண்ணு. அதுவும் அன்டூ பட்டன் இல்லாத காலம். இன்னிக்கு டைம்லைனை டூப்ளிகேட் பண்ணி 'வெர்ஷன் 5 ஃபைனல் ஃபைனல்'னு பேர் வெக்கிறோம், அங்க ஒவ்வொரு வெர்ஷனும் கையால வெட்டி கையால ஒட்டின ஃபிலிம் சுருள்.

எது நல்லா இருக்குன்னு தனக்குத் தெரிஞ்சாலும், முடிவு எடுக்குறவருக்கு முன்னாடி எல்லா வழியையும் வெட்டியே காட்டிடணும், வாயால விளக்கக் கூடாது. தால்பெர்க் இவங்களை நம்பினதுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஆஸ்கர் வாங்கினாங்களா?

போட்டியில வாங்கல. 'மியூட்டினி'க்கு நாமினேஷன் வந்துச்சு. அந்தப் படம் மொத்தம் 8 நாமினேஷன் வாங்கி சிறந்த படம்ங்கிற ஒரே ஒரு அவார்டோட வீட்டுக்குப் போச்சு, எடிட்டிங் அவார்டை ரால்ஃப் டாசன் வாங்கிட்டுப் போனார். எடிட்டிங்குக்கு ஆஸ்கர்னு ஒண்ணு ஆரம்பிச்சே அப்ப ரெண்டாவது வருஷம்தான். அப்புறம் 1978ல கௌரவ ஆஸ்கர் குடுத்தாங்க, எடிட்டிங் கலைக்கு செஞ்ச பங்களிப்புக்காகன்னு. வயசு 80. அப்பவும் வேலையில இருந்தாங்க, அவார்டு வாங்கிட்டு மறுபடி எடிட் ரூமுக்குத்தான் போனாங்க.

கேள்வி: இவ்வளவு தெரிஞ்சவங்க ஏன் டைரக்டர் ஆகல?

தால்பெர்க்கே டைரக்ட் பண்றியான்னு கேட்டிருக்கார். வேணாம்னுட்டாங்க, ஆசை இல்லையாம்.

இதுல சோகமா பாக்க ஒண்ணும் இல்லைங்க. எடிட்டரா இருக்குறது டைரக்டர் ஆகுறதுக்கு ஒரு படிக்கட்டுன்னு நாமளா நினைச்சுக்கறோம். வெட்டுற வேலையே போதும்னு இருக்குறவங்களும் இருக்காங்க.

கேள்வி: சூப்பர்வைசிங் எடிட்டர்னா என்ன வேலை? ஏன் இவ்வளவு பெருசா பேசறாங்க?

இதுதான் கேக்க வேண்டிய கேள்வி. 1936 செப்டம்பர்ல தால்பெர்க் 37 வயசுல செத்துப் போயிட்டார். அந்த 30கள் முடியறதுக்குள்ள பூத் எம்ஜிஎம்மோட சூப்பர்வைசிங் எடிட்டர் ஆயிட்டாங்க, அதாவது எடிட்டிங் டிபார்ட்மெண்டுக்கே தலைவர். 1968 வரைக்கும் அந்த நாற்காலி அவங்களோடது.

எம்ஜிஎம் நல்லா ஓடுன காலத்துல வாரத்துக்கு ஒரு படம்ங்கிற கணக்குல வெளியே தள்ளிட்டு இருந்துச்சு. ஒரே நேரத்துல பல படம் ஷூட்டிங்ல, பல படம் எடிட்டிங்ல. எல்லாப் படத்தோட ரஷ்ஷஸும், அதாவது அன்னன்னிக்கு எடுத்த வெட்டாத காட்சிகளும், இவங்க முன்னாடி ஓடும். இந்த சீனுக்கு ஒரு குளோசப் வேணும், அந்த ரியாக்‌ஷன் இல்ல, திரும்ப எடுங்கன்னு சொல்ற அதிகாரம் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொரு எடிட்டரும் ரஃப் கட்டை, அதாவது முதல்கட்டமா வெட்டின படத்தை, இவங்களுக்குப் போட்டுக் காட்டணும், இவங்க ஓகே சொன்னாத்தான் அடுத்து மேல போகும். எந்தப் படத்துக்கு எந்த எடிட்டர்ங்கிறதும் இவங்க கையிலதான். ரிலீஸுக்கு முன்னாடி ஆடியன்ஸுக்குப் போட்டுப் பாக்குற பிரிவியூவுக்குப் போய் அவங்க எந்த இடத்துல இருமுறாங்க, எங்க நெளியறாங்கன்னு பாத்துட்டு வந்து மறுபடி வெட்டுறதும் உண்டு.

இப்ப கவனிங்க. செட்ல என்ன வேணும்னு தீர்மானிக்கிறது, ரீஷூட் கேக்குறது, ஆள் போடுறது, கடைசி நீளம் எவ்வளவுன்னு முடிவு பண்றது, இதெல்லாம் யார் வேலை? தயாரிப்பாளர் வேலை! அந்தம்மா 30 வருஷம் அந்த வேலையைப் பண்ணிட்டு இருந்தாங்க, டைட்டில்ல மட்டும் பேர் வரல. அந்த 30 வருஷத்துல எந்தப் படத்துலயாவது எடிட்டர்னு இவங்க பேரைத் தேடினீங்கன்னா கிட்டத்தட்ட கைக்கு ஒண்ணும் கிடைக்காது. பேரு வந்த காலத்தை விட பேரு வராத காலத்துலதான் அதிகாரம் ஜாஸ்தி. இவங்களை 'எடிட்டரா இருந்து தயாரிப்பாளர் ஆனவங்க'ன்னு எழுதுறது அதனால எனக்கு முழுசா ஒத்துக்காது, தயாரிப்பு வேலையை முதல்ல பண்ணாங்க, பட்டம் ரொம்ப லேட்டா வந்துச்சு.

கேள்வி: டைரக்டருங்க இவங்களைப் பாத்து பயந்தாங்களாமே?

பயந்தவங்க, கடுப்பானவங்க, மதிச்சவங்க மூணும் உண்டு. சிட்னி லூமெட் தன்னோட புத்தகத்துல ஒரு சம்பவம் எழுதியிருக்கார். ஷான் கானரியை வெச்சு அவர் எடுத்த 'தி ஹில்' (1965) இங்கிலாந்துல எடிட்டிங்ல இருக்கு. எம்ஜிஎம் சார்பா பூத் கடல் தாண்டி வந்து இறங்கறாங்க, அந்த சமயத்துல வயசு 66, 67 இருக்கும். விடியக்காலையிலயே படத்தைப் போட்டுக் காட்டச் சொல்றாங்க, பாத்துட்டு நீளம் குறையணும்னு சொல்றாங்க. லூமெட்டுக்கு சுர்ருன்னு ஏறுது, ஸ்டுடியோல இருந்து ஒரு ஆள் வந்து வெட்டுன்னா எந்த டைரக்டருக்குத்தான் ஏறாது.

ஆனா எங்க வெட்டலாம்னு பேச ஆரம்பிச்சதும் அவர் அசந்து போறார். ஒரே ஒரு தடவை பாத்த படம், கையில ஒரு குறிப்பும் இல்ல, ஒவ்வொரு ஷாட்டும் வசனமும் எந்த இடத்துல வருதுன்னு வரிசையா அவங்க மனசுல இருக்கு. நெகட்டிவ்ல குண்டூசிப் புள்ளியைத் தேடின கண்ணுங்க அது.

கேள்வி: ஆனா ஸ்டுடியோ பக்கம் நின்னு டைரக்டர் படத்தை சிதைச்சவங்கன்னும் சொல்றாங்களே, நியாயமா?

பாதி நியாயம். மழுப்பாம பேசலாம்.

ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்' (1951) இதுக்கு நல்ல உதாரணம். பிரிவியூல ஆடியன்ஸ் சீரியஸ் இடத்துல சிரிச்சுட்டாங்க, எழுந்து போனாங்க, ஸ்டுடியோ ஆடிப் போச்சு. ஹூஸ்டன் அதுக்குள்ள அடுத்த படத்துக்காக ஆப்பிரிக்கா கிளம்பிட்டார். இங்க ஸ்டுடியோ படத்தை வெட்டி, நரேஷன் சேர்த்து, கடைசியில 69 நிமிஷமா வெளியே விட்டுச்சு. லில்லியன் ராஸ்னு ஒரு பத்திரிகையாளர் ஆரம்பத்துல இருந்து கூடவே இருந்து இது முழுக்க எழுதியிருக்காங்க, அதுல மார்கரெட் பூத்தும் வர்றாங்க. அந்த வெட்டுக்கு முடிவு எடுத்தது தயாரிப்புத் தலைமையில இருந்த டோர் ஷேரி, பூத் இல்ல. ஆனா முடிவைச் செயல்படுத்துற மெஷினுக்குத் தலைமை அவங்கதானே. அந்தப் பங்கு இல்லைன்னு சொல்ல முடியாது.

ஸ்டுடியோ சம்பளம் வாங்குறவங்க ஸ்டுடியோ பக்கம்தான் நிப்பாங்க. அதுக்காக இவங்க வெறும் கத்திரிக்கோல்னு முடிச்சுட்டா அதுவும் தப்பு, ஏன்னா அதே ஹூஸ்டன் 30 வருஷம் கழிச்சு 'ஆனி' (1982) பண்ணும்போது அந்தப் படத்துலயும் சூப்பர்வைசிங் எடிட்டர் பூத்தான்.

கேள்வி: 1968க்கு அப்புறம் ரிட்டயர் ஆகிட்டாங்களா?

70 வயசு, யாரா இருந்தாலும் ஆகியிருப்பாங்க. இவங்க ரே ஸ்டார்க்னு ஒரு தயாரிப்பாளர் கிட்ட போய்ச் சேந்தாங்க, ராஸ்டார்னு அவரோட கம்பெனி. நாடக ஆசிரியர் நீல் சைமன் எழுதின நாடகத்தனமான காமெடிங்க, பாடகி-நடிகை பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் படங்கள்னு அந்தக் கம்பெனியோட லைன். ஸ்டார்க்குக்கு இவங்க எடிட்டிங் பக்கத்துல வலது கை. 'தி அவுல் அண்ட் தி புஸ்ஸிகேட்' (1970), 'தி வே வி வேர்' (1973), 'மர்டர் பை டெத்' (1976), 'தி குட்பை கேர்ள்' (1977) இப்படி வரிசையா போகுது. பல படத்துல கூட ஜான் எஃப். பர்னெட்னு இன்னொரு எடிட்டர் இருப்பார், பூத் மேல இருந்து பாத்துக்குவாங்க.

கேள்வி: 'தி வே வி வேர்' கதை என்ன? ப்ளேடு வெச்சு தியேட்டர்லயே வெட்டினாங்களாமே?

ஆமா, இது படத்தோட டைரக்டர் சிட்னி பொல்லாக்கே சொன்ன கதை. ஸ்ட்ரைசாண்ட், ராபர்ட் ரெட்ஃபோர்ட் காதல் கதை, பின்னாடி 1940கள் கடைசியில ஹாலிவுட்ல கம்யூனிஸ்ட் ஆளுங்களைத் தேடித் தேடி விசாரிச்ச அரசியல் ஓடும். சான் பிரான்சிஸ்கோல பிரிவியூ. முதல் பாதி ஆடியன்ஸ் கூடவே இருக்காங்க, அரசியல் கனமா வர ஆரம்பிச்சதும் நெளிய ஆரம்பிச்சுட்டாங்க, சிகரெட்டுக்கும் பாப்கார்னுக்கும் எழுந்து போறாங்க. மறுநாள் இன்னொரு பிரிவியூ இருக்கு. பொல்லாக்கும் பூத்தும் ப்ரொஜெக்‌ஷன் ரூமுக்கு ஏறிப் போய் பிரிண்ட்லயே ரேசர் ப்ளேடு வெச்சு சீன் சீனா எடுத்து ஒட்டிட்டாங்க, கிட்டத்தட்ட 11 நிமிஷம்னு சொல்வாங்க. மறுநாள் தியேட்டர்ல கைத்தட்டல்.

75 வயசு அம்மா ப்ரொஜெக்‌ஷன் ரூம்ல ப்ளேடும் கையுமா நிக்குறதை கற்பனை பண்ணிப் பாருங்க, 17 வயசுல செஞ்ச அதே ஒட்டுற வேலை.

ஆனா ஸ்ட்ரைசாண்டுக்கு அந்த வெட்டு கடைசி வரை ஆறல. ரெண்டு பேரும் ஏன் பிரியறாங்கன்னு புரிய வெக்கிற சீன் அதுலதான் போச்சுன்னு பல வருஷம் சொல்லிட்டே இருந்தாங்க. 2023ல 50வது வருஷப் பதிப்பு வந்தப்ப அவங்க கேட்ட ரெண்டு சீனைச் சேர்த்து ஒரு நீள வெர்ஷனும் விட்டாங்க. பாத்த வரைக்கும் என் கருத்து, ஸ்ட்ரைசாண்ட் சொல்றதுலயும் விஷயம் இருக்கு, அந்தப் பிரிவு கொஞ்சம் திடீர்னுதான் வருது. ஆனா பூத் அன்னிக்குப் பாத்தது கதையோட நியாயத்தை இல்ல, இருட்டுல சீட்டு கிறீச்சிடற சத்தத்தை. படம் பெரிய ஹிட்டு. ரெண்டுல எது சரின்னு கேட்டா நீங்க யார் சம்பளம் வாங்குறீங்கங்கிறதைப் பொறுத்தது.

கேள்வி: தயாரிப்பாளர்னு பேர் எப்ப வந்துச்சு?

ஸ்டார்க் படங்கள்ல முதல்ல அசோசியேட் புரொட்யூசர்னு வர ஆரம்பிச்சுது, கடைசியா 1985ல 'தி ஸ்லக்கர்ஸ் வைஃப்' படத்துல எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர். வயசு 87. நம்ம ஊர்ல எக்ஸிகியூட்டிவ் புரொட்யூசர்னா ஷூட்டிங் செலவு, ஆளுங்க, லொகேஷன்னு அலையறவர்னு நினைப்போம், இங்க அது இல்ல, தயாரிப்பாளருக்குப் பக்கத்துல உக்காந்து படத்தோட வடிவத்துல வார்த்தை சொல்ற இடம்.

இந்தப் படத்துல ஒரு விதி விளையாட்டு இருக்கு. டைரக்டர் ஹால் ஆஷ்பி. அவரே அடிப்படையில எடிட்டர், 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' (1967) வெட்டினதுக்கு ஆஸ்கர் வாங்கினவர், மாசக்கணக்கா எடிட் ரூம்லயே குடியிருந்து படத்தைக் கண்டுபிடிக்கிற ஆளு. மேல இருக்குறவங்க ஸ்டார்க், பூத். ரெண்டு பக்கமும் எடிட்டிங் தெரிஞ்சவங்க, ஆனா ஒருத்தர் டைரக்டருக்காக வெட்டிப் பழகினவர், இன்னொருத்தர் ஸ்டுடியோவுக்காக வெட்டிப் பழகினவங்க. முட்டிக்கிச்சு. படம் கடைசியில ஆஷ்பி கையை விட்டுப் போச்சு, வெளியே வந்து ஓடவும் இல்ல. நீல் சைமன் எழுத்து, பேஸ்பால், காதல்னு எல்லாம் இருந்தும் உக்காரவே இல்ல. பூத்தோட கடைசிப் படம் ஒரு ஃபிளாப்தான், அதை மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல.

கேள்வி: அந்தக் காலத்துல பொண்ணுங்க இவ்வளவு பேரு எடிட்டிங்ல எப்படி?

ஆரம்பத்துல அது மதிப்பு இல்லாத வேலை, சம்பளம் கம்மி, டைட்டில்ல பேரும் வராது, அதனால பொண்ணுங்களுக்குக் குடுத்தாங்க, அவ்வளவுதான் ரகசியம். அப்படி உள்ள வந்தவங்க கெட்டியா உக்காந்துட்டாங்க. ஆன் பாச்சென்ஸ் டைரக்டர் செசில் பி. டிமில்லோட படங்களை வருஷக்கணக்கா வெட்டினவங்க, 1940 படத்துக்கு எடிட்டிங் ஆஸ்கர் வாங்கின முதல் பெண். பார்பரா மெக்லீன் ஃபாக்ஸ் ஸ்டுடியோவுல. எம்ஜிஎம்லயே பிளான்ச் சூவெல், 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' (1939) அவங்க வெட்டினது. வேலைக்கு மதிப்பும் காசும் கூடக் கூட ஆம்பளைங்க வரிசையில வந்து நின்னாங்க, இது எந்தத் தொழில்லதான் நடக்கல.

கேள்வி: எடிட்டிங்ல இருந்து தயாரிப்பு, மேனேஜ்மென்ட் பக்கம் போன மத்தவங்க யாரு?

ராபர்ட் வைஸ், 'சிட்டிசன் கேன்' (1941) எடிட்டர், பின்னாடி 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) டைரக்ட் பண்ணி அவரே தயாரிச்சார். வெர்னா ஃபீல்ட்ஸ், 'ஜாஸ்' (1975) வெட்டி ஆஸ்கர் வாங்கினவங்க, அடுத்த வருஷமே யூனிவர்சல் ஸ்டுடியோ அவங்களை வைஸ் பிரசிடென்ட் ஆக்கிடுச்சு. பூத் 30 வருஷம் பேர் இல்லாம செஞ்ச வேலைக்கு ஃபீல்ட்ஸுக்கு கதவுல பேரோட ரூம் கிடைச்சுது.

கேள்வி: நானும் எடிட்டர்தான், தயாரிப்பு பக்கம் போலாம்னு இருக்கேன். இவங்க கிட்ட எடுத்துக்க என்ன இருக்கு?

ஷூட்டிங் நடக்கும்போதே ரஷ்ஷஸ் பாத்து என்ன இல்லைன்னு சொல்லுங்க. ஷூட்டிங் முடிஞ்சு செட்டைப் பிரிச்ச பிறகு "ஒரு குளோசப் இருந்திருந்தா"ன்னு சொல்ற எடிட்டரை எந்தத் தயாரிப்பாளரும் பக்கத்துல வெச்சுக்க மாட்டார். ஷூட்டிங் இடத்துலயே வெட்டிப் பாக்குற ஸ்பாட் எடிட் இருக்குறதால இப்ப இது ரொம்ப ஈசி. அப்புறம் வேணாம்னு போட்ட டேக்கை ஒரு தடவை முழுசா பாருங்க, அசிஸ்டன்ட் அதை ஒதுக்கி வெக்கிற ஃபோல்டர்ல போட்டுட்டான்னு விட்டுடாதீங்க.

கேள்வி: இவங்க படம் எதுல ஆரம்பிக்கிறது?

'மியூட்டினி ஆன் தி பவுண்டி', 1935 வெர்ஷன். அதே பேர்ல 1962ல மார்லன் பிராண்டோ நடிச்சு ஒண்ணு இருக்கு, அது இல்ல. 132 நிமிஷம். கப்பல் கிளம்புற இடத்தை முதல் தடவை சவுண்டோட பாருங்க, ரெண்டாவது தடவை மியூட் பண்ணிட்டு, பாய்மரமும் கயிறும் ஆளும் மாறி மாறி வரும்போது மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே பாருங்க. அதுக்கு அடுத்து 'பாம்ப்ஷெல்'. 'ரோமியோ அண்ட் ஜூலியட்'டை அவசரம் இல்லாதப்ப பாக்கலாம், ரோமியோவா நடிச்ச லெஸ்லி ஹவர்டுக்கு அப்ப 40 வயசுக்கு மேல, அதை எந்த எடிட்டராலும் ஒண்ணும் பண்ண முடியாது.